கப்பல் இல்லாத மன்னர்

பேராதனைப் பூங்காவைச் சுற்றி வளைந்து ஓடும் மகாவலி கங்கையின் மறுகரையில் கன்னொருவ இருக்கிறது. இன்று அது வயல்களும் விவசாய ஆராய்ச்சி நிலையங்களும் உள்ள அமைதியான ஊர். 1638 மார்ச் 28 ஆம் திகதி அங்கே ஒரு முழுப் படையே அழிந்தது. போர்த்துக்கேயத் தளபதி டியோகோ டி மெலோ கொழும்பிலிருந்து படையோடு வந்து கண்டி நகரத்துக்குள் நுழைந்தார். நகரம் வெறுமையாக இருந்தது. மக்களும் மன்னரும் ஏற்கனவே காடுகளுக்குள் போயிருந்தார்கள். நகரத்துக்குத் தீ வைத்துவிட்டுத் திரும்பும் வழியில், கன்னொருவவில் போர்த்துக்கேயர் எல்லாப் பக்கமும் சூழப்பட்டார்கள். டி மெலோவும் அங்கேயே இறந்தார். உயிர் தப்பியவர்கள் மிகச் சிலரே.

இந்த வெற்றியைப் பெற்றவர் கண்டி மன்னர் இரண்டாம் இராஜசிங்கன். வரலாற்றுப் பாடத்தில் நாம் அவரைப் பற்றிப் படிப்பது பெரும்பாலும் ஒரு வரியில் முடிந்துவிடும்: போர்த்துக்கேயரை விரட்ட ஒல்லாந்தரை அழைத்து ஏமாந்தவர். இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிய கதை என்று சிங்கள மக்கள் சொல்லும் பழமொழியும் அவருடைய காலத்தையே குறிக்கிறது. ஆனால் அவருடைய வாழ்க்கையை முழுதாகப் பார்த்தபோது எனக்கு வேறொரு கேள்வி எழுந்தது. நிலத்தில் இவ்வளவு பெரிய வெற்றி பெறக்கூடிய ஒருவர் எதற்காக இன்னொரு அந்நியரை அழைத்தார்? நாடுகள் ஏன் ஒன்றோடொன்று சேர்கின்றன, ஏன் பிரிகின்றன என்பதை இந்தக் கேள்வி வழியாக ஓரளவு விளங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

இராஜசிங்கன் 1608 ஆம் ஆண்டளவில் பிறந்தார். அவருடைய தாய் தோன கதரினா என்று ஞானஸ்நானம் பெற்ற குசுமாசன தேவி. கண்டி அரச வம்சத்தில் பிறந்த அவரைப் போர்த்துக்கேயர் சிறு வயதிலிருந்தே தம்மிடம் வைத்து வளர்த்தார்கள். 1594 இல் அவரைக் கண்டிக்குக் கொண்டு வந்து அரசியாக்கினார்கள். அரசி கண்டியைச் சேர்ந்தவராக இருப்பார், ஆட்சி தம்முடையதாக இருக்கும் என்பது அவர்களுடைய திட்டம். அதே ஆண்டு தந்துரே என்ற இடத்தில் போர்த்துக்கேயப் படை தோற்றது. வெற்றி பெற்ற முதலாம் விமலதர்மசூரியன் அரசியை மணந்து, அந்தத் திருமணத்தால் தன் அரசுரிமையை உறுதிப்படுத்திக்கொண்டார். அவர் இறந்த பின்னர் செனரத் மன்னர் அரசியை மணந்தார். அவர்களுடைய மகன்தான் இராஜசிங்கன். இரண்டு தரப்பும் அந்தப் பெண்ணை ஓர் உரிமைப் பத்திரத்தைப் போலவே பயன்படுத்தின. அவருடைய விருப்பம் என்னவென்று கேட்டவர்கள் இருந்ததாகத் தெரியவில்லை. அப்படிப்பட்ட ஒரு தாயின் மகனுக்கு, வெளிநாட்டு அரசுகளின் அன்பு எதற்காக வருகிறது என்பது இளமையிலேயே விளங்கியிருக்க வேண்டும். அவர் போர்த்துக்கேய மொழியையும் நன்றாகக் கற்றிருந்தார்.

கண்டி இராச்சியத்தின் பலம் மலைகளும் காடுகளும்தான். கடுகண்ணாவைக்கு அருகிலுள்ள பலன கணவாயில் சில காவலர்கள் நின்றால் போதும், கீழே வரும் படை தெரிந்துவிடும். ஒடுங்கிய பாதைகளில் குதிரைகளும் பீரங்கிகளும் நகர முடியாது. மழையும் காய்ச்சலும் கண்டியின் பக்கம் நின்று போரிட்டன. ஆனால் அதே மலைகள் கண்டியை அடைத்தும் வைத்தன. உப்பும் துணியும் கரையிலிருந்தே வரவேண்டும். மன்னரின் பாக்கும் மிளகும் யானைகளும் துறைமுகம் வழியாகவே வெளியே போகவேண்டும். கிழக்கே திருகோணமலையும் மட்டக்களப்பும் கண்டிக்கு வாசல்களாக இருந்தன. போர்த்துக்கேயர் 1620களில் அந்த இரண்டு இடங்களிலும் கோட்டைகளைக் கட்டி வாசல்களை மூடினார்கள்.

1630 இல் இளவரசர்கள் மூவரும் சேர்ந்து, ரந்தெனிவெல என்ற இடத்தில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தினு டி சாவின் படையை அழித்தார்கள். அதன் பிறகு கண்டிப் படை கொழும்பு வரை சென்று கோட்டையை முற்றுகையிட்டது. கொழும்பு விழவில்லை. ஏனென்றால் கோட்டைக்குள் இருந்தவர்களுக்குக் கடல் வழியாக உதவி வந்துகொண்டே இருந்தது. தரையில் எத்தனை ஆயிரம் பேர் நின்றாலும், கடல் பக்கம் திறந்திருக்கும் கோட்டையைப் பட்டினி போட முடியாது. 1633 இல் செனரத் மன்னர் போர்த்துக்கேயரோடு சமாதானம் செய்து திறை கொடுக்கவும் சம்மதிக்க வேண்டியதாயிற்று. வென்றவர்கள் தோற்றவர்களைப் போலக் கையெழுத்திட்டார்கள்.

நான் கேட்ட கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. கண்டியிடம் வீரர்கள் இருந்தார்கள், கப்பல் இல்லை. 1635 இல் செனரத் இறந்து இராஜசிங்கன் முழுப் பொறுப்பையும் ஏற்றபோது, அவருக்குத் தேவைப்பட்டது நண்பர் அல்ல. போர்த்துக்கேயருடைய கடல் பாதையை அடைக்கக்கூடிய கப்பல்கள்.

கப்பல் தேடும் முயற்சி அவருக்கு முன்பே தொடங்கியிருந்தது. 1602 இல் ஒல்லாந்துக் கடற்படைத் தலைவர் ஸ்பில்பேர்கன் கண்டிக்கு வந்து விமலதர்மசூரிய மன்னரைச் சந்தித்தார். 1612 இல் செனரத் மன்னர் பொஸ்கௌவர் என்ற ஒல்லாந்தரோடு ஒப்பந்தம் செய்தார். ஒல்லாந்தரின் உதவி வராததால் பொஸ்கௌவர் டென்மார்க் வரை சென்று அந்நாட்டு மன்னரிடம் கேட்டார். 1620 இல் டென்மார்க் கப்பல்கள் திருகோணமலைக்கு வந்தன. இங்கே பயன் கிடைக்காததால், அந்தப் பயணத்தின் விளைவாகத் தமிழகக் கரையிலுள்ள தரங்கம்பாடியில் டென்மார்க் கோட்டை எழுந்தது. கண்டி மன்னரின் தேவையிலிருந்து தொடங்கிய ஒரு பயணம் தஞ்சாவூர்க் கரையில் போய் முடிந்தது என்பது எனக்கு வியப்பாக இருந்தது.

இராஜசிங்கன் 1636 இல் சோழமண்டலக் கரையின் பழவேற்காட்டில் இருந்த ஒல்லாந்தருக்குக் கடிதம் அனுப்பினார். கடிதத்தின் செய்தி பத்தாவியாவில் இருந்த கம்பனித் தலைமைக்குப் போனது. இம்முறை அவர்கள் சம்மதித்தார்கள். ஏன்? கண்டி மீது இரக்கம் வந்ததாலா? அப்போது போர்த்துக்கல் நாடு ஸ்பானிய மன்னரின் ஆட்சியின் கீழ் இருந்தது. ஒல்லாந்து தன் விடுதலைக்காக அதே ஸ்பானியாவோடு நீண்ட காலமாகப் போரிட்டுக்கொண்டிருந்தது. போர்த்துக்கேயருடைய கோட்டைகளைத் தாக்குவது ஒல்லாந்தருக்குப் போரும் ஆயிற்று, வியாபாரமும் ஆயிற்று. இலங்கையின் கறுவா ஐரோப்பாவில் பெரும் விலைக்குப் போனது. கண்டி மன்னரின் அழைப்பு, அவர்கள் ஏற்கனவே போக விரும்பிய வீட்டின் கதவைத் திறந்துவிட்டது.

கன்னொருவப் போர் நடந்து இரண்டு மாதத்துக்குள், 1638 மே மாதம், மன்னரின் படையும் அட்மிரல் வெஸ்டர்வோல்டின் கப்பல்களும் சேர்ந்து மட்டக்களப்புக் கோட்டையைக் கைப்பற்றின. மே 23 ஆம் திகதி அங்கேயே ஒப்பந்தம் கையெழுத்தானது. போர்ச் செலவை மன்னர் கறுவா, மிளகு போன்ற பொருட்களாகக் கொடுக்க வேண்டும். வியாபாரத்தில் கம்பனிக்கே தனியுரிமை. கைப்பற்றும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை தங்குவது பற்றிய பிரிவில்தான் பின்னர் வந்த சண்டை முழுவதும் ஒளிந்திருந்தது. மன்னர் விரும்பினால் மட்டுமே படை தங்கலாம் என்ற கருத்து, மன்னரிடம் இருந்த போர்த்துக்கேய மொழிப் பிரதியில் இருந்தது. கம்பனியின் ஒல்லாந்து மொழிப் பிரதியில் அது இல்லை.

அல்குர்ஆனின் மிக நீளமான வசனம் கடனைப் பற்றியது என்பது எம் எல்லோருக்கும் தெரியும். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கவும், எழுதுபவர் நீதியாக எழுதவும், சாட்சிகளை வைக்கவும் அது கட்டளையிடுகிறது. ஒரு சில சொற்கள் விடுபட்டதால் ஓர் இராச்சியம் தன் துறைமுகங்களை இழந்த கதையைப் படித்தபோது, சிறு கடனுக்கும் கூட ஏன் இத்தனை கவனம் சொல்லப்பட்டது என்று எனக்கு நன்றாக விளங்கியது.

1639 இல் திருகோணமலையும் 1640 இல் நீர்கொழும்பும் காலியும் ஒல்லாந்தர் வசமாயின. திருகோணமலையும் மட்டக்களப்பும் சில ஆண்டுகளுக்குள் மன்னரிடம் கொடுக்கப்பட்டன. காலியும் நீர்கொழும்பும் கொடுக்கப்படவில்லை. மன்னர் தர வேண்டிய போர்ச் செலவு தீரவில்லை, அதுவரை இவை ஈடாக இருக்கட்டும் என்றது கம்பனி. இலங்கையின் வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் உண்மையான காரணம் தெரியும். கறுவா வளர்வது தென்மேற்கின் ஈரமான நிலத்தில். கிழக்குக் கரையில் கறுவா இல்லை. கறுவா இல்லாத கோட்டைகள் திரும்பி வந்தன, கறுவா உள்ள கோட்டைகள் வரவில்லை. ஒரு நாடு சொல்லும் காரணத்தையும் அது பிடித்து வைத்திருக்கும் இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும் என்பதை இதிலிருந்து கற்றுக்கொண்டேன்.

அடுத்த அடி மன்னர் எட்டாத தூரத்திலிருந்து வந்தது. 1640 டிசம்பரில் போர்த்துக்கல் ஸ்பானியாவிடமிருந்து பிரிந்தது. 1641 இல் ஒல்லாந்தும் போர்த்துக்கலும் பத்து ஆண்டுகளுக்குப் போர் நிறுத்தம் செய்துகொண்டன. இலங்கையில் அது சில ஆண்டுகள் தாமதமாகவே நடைமுறைக்கு வந்தது. வந்தபோது, மன்னரின் நண்பரும் மன்னரின் எதிரியும் உட்கார்ந்து கறுவா விளையும் நிலங்களைத் தமக்குள் பிரித்துக்கொண்டார்கள். நிலத்துக்கு உரியவரைக் கேட்கவில்லை. ஐரோப்பாவில் மாறிய காற்று மகாவலிக் கரையில் இருந்த ஒருவரின் திட்டத்தைக் கலைத்துவிட்டது. அதே காலத்தில் மன்னரின் சகோதரர் விஜயபாலவும் அவரோடு முரண்பட்டுப் போர்த்துக்கேயரிடம் போய்ச் சேர்ந்திருந்தார். பின்னர் அவர் கோவாவில் இறந்தார். வீட்டுக்குள் பிளவு இருக்கும்போது அது வெளியாருக்கு ஒரு கைப்பிடியாகிவிடுகிறது.

போர் நிறுத்தம் 1652 இல் முடிந்ததும் பழைய கூட்டணி மீண்டும் உயிர் பெற்றது. கொழும்பின் முற்றுகை 1655 இல் தொடங்கிப் பல மாதங்கள் நீடித்தது. கோட்டைக்குள் இருந்தவர்கள் பட்டினியால் மடிந்தார்கள். 1630 இல் நடக்காதது இப்போது நடந்தது, ஏனென்றால் இப்போது கடலும் அடைபட்டிருந்தது. 1656 மே 12 ஆம் திகதி கொழும்பு ஒல்லாந்தரிடம் சரணடைந்தது. மன்னரின் ஆட்கள் கோட்டைக்குள் விடப்படவில்லை. இரு தலைமுறைகளாகக் கண்டி எதிர்பார்த்திருந்த அந்த வாசல் திறந்த உடனேயே மீண்டும் மூடப்பட்டது.

மன்னர் கோபத்தில் செய்தது கடுமையானது. கொழும்பைச் சுற்றியிருந்த கிராமங்களை அழித்து, மக்களை மலைநாட்டுக்குக் கொண்டு சென்றார். ஒல்லாந்தருக்குக் கோட்டை கிடைத்தது, அதைச் சுற்றி உழுவதற்கும் கறுவா உரிப்பதற்கும் ஆட்கள் இல்லை. போர்த் தந்திரமாகப் பார்த்தால் இது புத்திசாலித்தனம். ஆனால் அந்தக் கிராமங்களில் இருந்த குடும்பங்களின் இடத்தில் நின்று பார்த்தால்? அவர்கள் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடவில்லை. நாடுகளைப் பற்றி விவாதிக்கும்போது கண்டி செய்தது, ஒல்லாந்து செய்தது என்று ஒரு மனிதரைப் பற்றிப் பேசுவது போலவே பேசுகிறோம். அந்தப் பெயர்களுக்குக் கீழே வீட்டை விட்டுப் புறப்பட்டவர்களை மறந்துவிடுகிறோம்.

எமது சமூகத்தின் கதையும் இந்த வரலாற்றுக்குள் இருக்கிறது. 1626 இல் போர்த்துக்கேயர் தம் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, செனரத் மன்னர் அவர்களுக்குத் தன் நாட்டில் இடம் கொடுத்தார். அவர்களில் சுமார் 4000 பேர் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. எமது வீடுகளில் இதை மன்னரின் கருணையாகவே சொல்வார்கள். அது கருணைதான். அதோடு கிழக்கில் வயல் செய்யவும், கரையைக் காக்கவும், தவளம் மாடுகளில் உப்பும் துணியும் பாக்கும் ஏற்றி இறக்கவும் மன்னருக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். தேவை இருந்தது என்று சொல்வதால் கருணை குறைந்துவிடாது. ஒரு நாட்டின் நன்மையும் ஒரு சமூகத்தின் பாதுகாப்பும் ஒரே திசையில் இருக்கும்போதுதான் அந்தப் பாதுகாப்பு நீண்ட காலம் நிலைக்கிறது. கண்டி இராச்சியத்தில் எமது முன்னோர் வாழ்ந்த வாழ்வு அதற்குச் சாட்சி.

மஹியங்கனைப் பக்கத்திலுள்ள பங்கரகம்மன என்ற ஊரைப் பற்றி ஒரு வாய்மொழிக் கதை உண்டு. போர்த்துக்கேயர் துரத்தி வந்தபோது ஒரு முஸ்லிம் பெண் கண்டி மன்னரை மரப் பொந்தில் மறைத்து வைத்தாராம். எங்கே என்று கேட்டபோது வாய் திறக்காமல் உயிரைக் கொடுத்தாராம். அந்த மன்னர் செனரத் என்று சிலரும் இராஜசிங்கன் என்று சிலரும் சொல்வார்கள். அந்தப் பெண் மன்னரிடம் கணக்குக் கேட்கவில்லை. கம்பனியோ ஒவ்வொரு குண்டுக்கும் கணக்கு எழுதி வைத்திருந்தது. தனி மனிதர் நன்றிக்காகவும் நேர்மைக்காகவும் உயிரையே கொடுக்கலாம். அரசுகளிடமும் கம்பனிகளிடமும் அதே மனத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் கிடைக்கும்.

இராஜசிங்கனின் கடைசி முப்பது ஆண்டுகள் இருண்டவை. 1664 இல் நில்லம்பேயில் அவருக்கு எதிராக அம்பன்வெல ராலவின் தலைமையில் கிளர்ச்சி எழுந்தது. சிறுவனாக இருந்த மகனை அரசனாக்க முயன்ற அந்தக் கிளர்ச்சி தோற்றது. அதன்பின் மன்னர் யாரையும் நம்பவில்லை. ஹங்குரன்கெத்தவைத் தன் இருப்பிடமாக்கிக்கொண்டு, சந்தேகம் வந்தவர்களைக் கொடூரமாகத் தண்டித்தார். கிளர்ச்சியால் பலவீனமான மன்னர் உதவி கேட்டபோது, ஒல்லாந்தர் அதையே காரணமாக்கி உள்நாட்டிலும் கிழக்குத் துறைமுகங்களிலும் மேலும் முன்னேறினார்கள்.

ஐரோப்பியர் பலரை மன்னர் தன் நாட்டில் கைதிகளாக வைத்திருந்தார். 1660 இல் கொட்டியாரில் பிடிபட்ட ரொபட் நொக்ஸ் அவர்களில் ஒருவர். கண்டிக்கு அருகே எலதெத்தவில் வீடு கட்டி வாழ்ந்த அவர், 1679 இல் தப்பிச் சென்று 1681 இல் லண்டனில் வெளியிட்ட நூல், மன்னரை ஒரு கொடுங்கோலராகக் காட்டுகிறது. பத்தொன்பது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்தவர் வேறு எப்படி எழுதுவார்? அதற்காக அவர் எழுதியது பொய் என்றும் ஆகிவிடாது.

ஆனாலும் மன்னர் தன் பழைய தேடலை விடவில்லை. 1672 இல் பிரான்ஸ் ஒல்லாந்தோடு போரில் இறங்கிய ஆண்டில், பிரெஞ்சுக் கப்பல்கள் திருகோணமலைக்கு வந்தன. ஒல்லாந்தரை வெளியேற்ற அவர்களை வரவேற்றார் மன்னர். பிரெஞ்சுக்காரர் அங்கே நிலைக்கவில்லை. மன்னரிடம் வந்த அவர்களின் தூதர் அரசவை மரியாதையை மதிக்காததால் காவலில் வைக்கப்பட்டார். 1687 இல் இராஜசிங்கன் இறந்தார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டவர், கண்டியைக் கடைசி வரை யாருக்கும் கொடுக்கவில்லை. கரையை மட்டும் அவரால் திரும்பப் பெற முடியவில்லை.

அவர் ஏமாந்தவரா, கெட்டிக்காரரா? எங்கள் உயர்தர வகுப்பில் இந்த விவாதம் வந்தபோது தோழிகள் இரண்டாகப் பிரிந்தார்கள். நான் இரண்டு பக்கமும் சேரவில்லை. ஒல்லாந்தரை அழைத்தது அவருடைய பிழை என்று எனக்குத் தோன்றவில்லை. அழைக்காமல் இருந்திருந்தால் போர்த்துக்கேயர் கண்டியையும் விழுங்கியிருக்கலாம். உதவிக்கு வந்தவரைப் பிறகு வெளியேற்ற அவரிடம் வழி இருக்கவில்லை என்பதே அவருடைய துயரம். கப்பல் வாங்கினாரே தவிர, கப்பல் கட்டவில்லை. தன் மக்களின் நம்பிக்கையையும் கடைசியில் இழந்தார்.

2022 இல் எரிபொருள் வரிசைகள் நீண்டபோது, எந்த நாடு எமது உண்மையான நண்பன் என்ற பேச்சு எல்லா வீடுகளிலும் நடந்தது. இந்தியா என்றார்கள், சீனா என்றார்கள். இரண்டையும் திட்டினார்கள், இரண்டுக்கும் நன்றி சொன்னார்கள். 2017 இல் ஹம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுகளுக்குக் குத்தகையாகப் போனதும் பேசப்பட்டது. நல்ல நாடா, கெட்ட நாடா என்று மட்டுமே கேட்டால் இந்த விவாதம் முடியாது. அந்த நாட்டுக்கு எது தேவை, அது எதற்கு அஞ்சுகிறது, அதன் தேவை மாறும் நாளில் எம் கையில் என்ன இருக்கும் என்று கேட்கப் பழக வேண்டும். எமக்கு வேண்டிய ஒன்றை நாமே செய்துகொள்ளக் கற்றால், அடுத்த ஒப்பந்தத்தில் ஒரு வரியையாவது எம் கையால் எழுத முடியும். அந்த வரி எல்லாப் பிரதிகளிலும் இருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடும் அறிவு, இன்று இந்த வகுப்பறைகளில் படிக்கும் எம்மிடமிருந்தே நாளை வரவேண்டும்.